லின் சியான்: ஒரு கால்வாயின் வழியே புவியியலும் வரலாறும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் நீர்வளம் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். மாணவர்களுக்கு ஊக்கம் தரட்டும் என்று, சீனாவில் மலைச்சரிவைக் குடைந்து வெட்டப்பட்ட செங்கொடிக் கால்வாயைப் பற்றிச் சொன்னேன். செங்குத்தான பாறையில் கயிற்றில் தொங்கியபடி வேலை செய்யும் மனிதர்களின் படத்தைக் காட்டினேன். "முயன்றால் முடியாதது எதுவுமில்லை" என்று முடித்தேன். வகுப்பு கைதட்டியது. பாடம் நன்றாக அமைந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், மேலேயே தண்ணியத் திருப்பிட்டா கீழ இருக்கிற ஊர்க்காரங்க என்ன செஞ்சாங்க?" அவள் உட்காருவதற்குள் பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: "அத்தனை பேருக்கும் சோறு யாரு சார் போட்டாங்க?"

இரண்டுக்கும் எனக்கு விடை தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். மறுநாளும் சொல்ல முடியவில்லை. நான் நடத்தியது பாடமே அல்ல, ஒரு வீரக்கதை என்பது அப்போதுதான் உறைத்தது. இடம் எது, மண் எப்படி, மழை எவ்வளவு, காலம் எது என்று எதையும் சொல்லாமல் வியப்பை மட்டும் ஊட்டியிருக்கிறேன். அதன்பிறகு அந்தக் கால்வாய் இருக்கும் ஊரைப் பற்றித் தேடிப் படித்தேன். இப்போது ஆண்டுதோறும் ஆறு பாடவேளைகளில் அந்த ஒரே ஊரை வைத்துப் புவியியலையும் வரலாற்றையும் சேர்த்து நடத்துகிறேன். அந்தப் பாடத்தைச் சக ஆசிரியர்களோடு பகிர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடத்தை முதலில் நிறுத்துவோம்

ஊரின் பெயர் லின் சியான். 'சியான்' என்பது சீனாவின் நிர்வாகப் பிரிவுகளில் ஒன்று. நம் வட்டத்தைவிடப் பெரியதாகவும் மாவட்டத்தைவிடச் சிறியதாகவும் இருக்கும் என்று மாணவர்களுக்குச் சொல்லலாம். வடசீனாவில் ஹெனான் மாகாணத்தின் வடமேற்கு மூலையில், தாய்ஹாங் மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் லின் சியான் இருக்கிறது. மேற்கே மலையைத் தாண்டினால் ஷான்ஸி மாகாணம். வடக்கே ஜாங் ஆற்றைத் தாண்டினால் ஹெபேய் மாகாணம். ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெரும்பகுதி மலையும் குன்றும்தான். 1994 முதல் இது லின்ஜோ என்ற பெயரில் நகரத் தகுதி பெற்ற வட்டாரமாக உள்ளது. 'லின்' என்ற எழுத்துக்குக் காடு என்று பொருள். பெயரைக் கேட்டுப் பசுமையான ஊர் என்று நினைத்துவிடக் கூடாது.

இதற்குக் கிழக்கே இருக்கும் நகரம் அன்யாங். ஷாங் அரச மரபைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். எலும்புகளிலும் ஆமை ஓடுகளிலும் எழுதப்பட்ட பழஞ்சீன எழுத்துகள் கிடைத்த இடம் அது. அந்தத் தலைநகரம் ஹுவான் ஆற்றின் கரையில் இருந்தது. அந்த ஆறு பிறப்பது லின் சியான் மலைகளில். எலும்பு எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளில் ஒன்று "மழை வருமா?" என்பது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறேன்.

மழை பெய்தும் ஏன் தண்ணீர் இல்லை?

லின் சியான் பாலைவனம் அல்ல. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அப்படியானால் ஏன் வறட்சி? விடையை நான் சொல்வதில்லை. மூன்று குறிப்புகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு மாணவர்களையே யோசிக்கச் சொல்கிறேன்.

ஒன்று, பருவக்காற்று. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். கோதுமை வளர வேண்டிய வசந்த காலத்தில் வானம் வெளுத்துக் கிடக்கும். இரண்டு, சரிவு. மலையில் விழும் மழை நிற்காமல் ஓடிவிடும். மூன்று, பாறை. தாய்ஹாங் மலையில் சுண்ணாம்புப் பாறை அதிகம். விரிசலும் ஓட்டையும் நிறைந்த அந்தப் பாறை வழியாக நீர் கீழே இறங்கிவிடும். கிணறு தோண்டினாலும் எளிதில் எட்டாது.

வடக்கு எல்லையில் ஜாங் ஆறு ஓடுகிறதே என்று கட்டாயம் ஒரு மாணவர் கேட்பார். ஓடுகிறதுதான். ஆனால் ஆழமான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. வயல்களும் ஊர்களும் அதைவிட மிக உயரத்தில் இருக்கின்றன. கண்ணெதிரே ஆறு இருந்தும் ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. இந்த ஒரு காட்சியை மாணவர் புரிந்துகொண்டால் நிலத்தோற்றம் என்ற பாடமே பாதி முடிந்துவிடும்.

ஏடுகளிலும் கற்களிலும் வறட்சி

சீனாவில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வரலாற்றேடு எழுதிவைக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக உண்டு. லின் சியானின் ஏடுகளையும் கல்வெட்டுகளையும் தொகுத்துப் பார்த்தவர்கள், 1436 முதல் 1949 வரையிலான காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வறட்சிகளைக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் முப்பதுக்கும் மேற்பட்டவற்றில் விளைச்சல் அறவே இல்லை. மனிதரை மனிதர் உண்டதாகச் சொல்லும் பதிவுகளும் அவற்றில் உண்டு.

ஊர்கள் பாதிக்கு மேல் குடிநீருக்குத் திண்டாடின. பல கிலோமீட்டர் நடந்து, சுனையில் வரிசையில் நின்று, காவடியில் இரண்டு வாளி சுமந்து வருவார்கள். 1920-இல் நடந்ததாக அவ்வூரில் இன்றும் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. புத்தாண்டுக்கு முந்தைய நாள் ஒரு முதியவர் விடியுமுன்னே கிளம்பிப்போய், இருட்டும் வேளையில் ஒரு சுமை தண்ணீரோடு திரும்பினார். எதிர்கொண்டு சுமையை வாங்கிக்கொண்ட புது மருமகள், கல் தடுக்கி அதை முழுவதும் கொட்டிவிட்டாள். அன்றிரவே அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். இதைக் கீழ் வகுப்புகளில் நான் சொல்வதில்லை. மேல் வகுப்பில் சொல்லும்போதும் இரண்டு வரிகளில் முடித்துவிடுகிறேன். ஆனால் தண்ணீர்ப் பற்றாக்குறையின் சுமை ஒரு வீட்டுக்குள் யார் தலையில் விழுகிறது என்ற கேள்வியை அதன்பின் நான் எழுப்ப வேண்டியதில்லை. மாணவிகளே பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

தண்ணீர் கொண்டுவரும் முயற்சி 1960-இல்தான் தொடங்கியது என்று நினைப்பதும் தவறு. மிங் அரச மரபுக் காலத்தில், பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், சியே ஸிசோங் என்ற வட்டார அதிகாரி மலைச்சுனை நீரை ஊர்களுக்குக் கொண்டுவர ஒரு வாய்க்கால் வெட்டினார். மக்கள் அதற்கு அவர் பெயரையே வைத்து, அவருக்கு நினைவுக் கோயிலும் எழுப்பினார்கள். 1950-களில் யாங் குய் என்பவர் வட்டாரக் கட்சிச் செயலாளராக இருந்தபோது நீர்த்தேக்கங்களும் சில வாய்க்கால்களும் அமைக்கப்பட்டன. 1959-இல் கடும் வறட்சி வந்தது. ஆறுகள் வற்றின; நீர்த்தேக்கங்களும் வறண்டன. உள்ளூர் நீரை மட்டும் நம்பிப் பயனில்லை என்பது அப்போதுதான் தெளிவானது.

எட்டு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்

ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, ஊர் மேட்டில் இருக்கிறது. நீரை மேலேற்றும் இயந்திரமும் இல்லை. என்ன செய்வது? இந்த இடத்தில் பாடத்தை நிறுத்தி ஒரு பாடவேளை முழுவதும் யோசிக்க விடுகிறேன்.

விடை இதுதான்: ஆற்றின் மேற்பகுதிக்குப் போக வேண்டும். ஷான்ஸி மாகாணத்தின் பிங்ஷுன் வட்டாரத்தில் ஜாங் ஆற்றின் படுகை உயரமாக இருக்கிறது. அங்கே தடுப்பணை கட்டி நீரைத் திருப்பி, மலைச்சரிவை ஒட்டியே கால்வாயில் கொண்டுவர வேண்டும். ஆறு வேகமாகக் கீழிறங்கும். கால்வாயோ மிக மெதுவாக இறங்கும். கொஞ்ச தூரம் போனதும் ஆறு பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கும். கால்வாய் மலையின் இடுப்பில் போய்க்கொண்டிருக்கும்.

முதன்மைக் கால்வாயின் நீளம் 70.6 கிலோமீட்டர். அதன் சரிவு ஏறத்தாழ 8,000-க்கு 1. அப்படியானால் முழு நீளத்துக்கும் கால்வாய் எவ்வளவு இறங்கும்? 70,600-ஐ 8,000-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 9 மீட்டர். மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம்கூட இல்லை. அதற்கு மேல் இறக்கினால் கடைசியில் ஊர்களுக்குத் தண்ணீர் ஏறாது. இறக்காமல் விட்டால் தண்ணீர் நகராது.

இதைச் செய்துகாட்டுவது எளிது. 8,000-க்கு 1 என்றால் எட்டு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர். கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும், தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி வராந்தாவில் எட்டு மீட்டர் அளந்து, இரு முனையிலும் சுவரில் மட்டம் குறியுங்கள். ஒரு முனையில் ஒரு மில்லிமீட்டர் கீழே கோடு போடச் சொல்லுங்கள். பென்சில் கோட்டின் தடிமனே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்து என் வகுப்பு அமைதியானது. கயிற்றில் தொங்கும் மனிதர்களின் படம் தராத வியப்பு அந்த ஒரு மில்லிமீட்டரில் இருந்தது. கணித ஆசிரியரும் உடன் இருந்தால் விகிதம், அலகு மாற்றம் இரண்டையும் அங்கேயே முடித்துவிடலாம்.

"சோறு யார் போட்டார்கள்?"

1960 பிப்ரவரி 11 அன்று ஏறத்தாழ 37,000 பேர் மலைக்குக் கிளம்பினார்கள். காலத்தைக் கவனிக்க வேண்டும். 1958-இல் தொடங்கிய 'பெரும் பாய்ச்சல்' திட்டத்தின் பின்விளைவாகச் சீனா முழுவதும் பெரும் பஞ்சம் நிலவிய ஆண்டுகள் அவை. விளைச்சலை மிகைப்படுத்திக் கணக்குக் காட்டியதும், அந்தப் பொய்க் கணக்கின்படி தானியம் கொள்முதல் செய்யப்பட்டதும் பஞ்சத்தின் முக்கியக் காரணங்கள். மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாகாணங்களில் ஹெனானும் ஒன்று.

லின் சியானில் மட்டும் எப்படி வேலை நடந்தது? அவ்வட்டார நிர்வாகம் விளைச்சலை மிகைப்படுத்தாததால் ஓரளவு தானியக் கையிருப்பு இருந்தது என்று அவ்வூர் வரலாறு சொல்கிறது. வேலைக்கு வந்தவர்கள் தங்கள் ஊரின் பங்குத் தானியத்தையும் சொந்தக் கருவிகளையும் கொண்டுவந்தார்கள். கூலி பணமாக வரவில்லை. ஊர்க் கணக்கில் வேலைப் புள்ளியாக எழுதப்பட்டது. மொத்தச் செலவில் ஏறத்தாழ 15 விழுக்காடுதான் அரசு மானியம். மற்றது வட்டாரமும் ஊர்களும் திரட்டியவை. அப்படியும் உணவு போதவில்லை. மலைக்கீரைகளையும் ஆற்றுப் பாசியையும் சேர்த்து வேகவைத்து உண்டார்கள். குகைகளிலும் பாறை இடுக்குகளிலும் தூங்கினார்கள். அந்த மாணவியின் இரண்டாவது கேள்விக்கு என் விடை இதுதான்: அவர்களுக்குச் சோறு போட்டது பெரும்பாலும் அவர்கள் ஊர்தான், பல நாள் அரைவயிறுதான்.

தொடக்கத்தில் திட்டமும் தவறியது. சில மாதங்களில் முடித்துவிடலாம் என்று நம்பி, முழு நீளத்திலும் ஒரே நேரத்தில் ஆட்களைப் பரப்பினார்கள். அளவு தெரியாமல் தவறான இடங்களில் வெட்டியவர்களும் உண்டு. ஒரு மாதத்துக்குள் தவற்றை உணர்ந்து, பகுதி பகுதியாக முடிப்பது என்று மாற்றிக்கொண்டார்கள். திட்டமிடல் பற்றி மாணவர்களோடு பேச இது நல்ல இடம்.

1960 நவம்பரில், பஞ்சத்தின் காரணமாகக் கட்டுமானங்களை நிறுத்த மேலிடத்து உத்தரவு வந்தது. பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். ஏறத்தாழ 300 இளைஞர்கள் மட்டும் தங்கி, கடினமான பாறையில் 616 மீட்டர் நீளச் சுரங்கத்தைக் கையால் குடைவதைத் தொடர்ந்தார்கள். 1961 ஜூலையில் அது திறந்தது. இன்றும் அதன் பெயர் 'இளைஞர் சுரங்கம்'.

1965 ஏப்ரல் 5 அன்று முதன்மைக் கால்வாயில் தண்ணீர் வந்தது. கிளை வாய்க்கால்களோடு பணி முழுமையாக நிறைவுற்றது 1969 ஜூலையில். கிளைகளையும் சேர்த்து மொத்த நீளம் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். 211 சுரங்கங்கள், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தொட்டிப் பாலங்கள். பாசனம் பெறத் திட்டமிட்ட நிலம் 5,40,000 மூ. ஒரு ஹெக்டேருக்கு 15 மூ என்று மாணவர்களையே கணக்கிடச் சொல்லலாம்: 36,000 ஹெக்டேர்.

இந்த எண்களோடு இன்னோர் எண்ணையும் கட்டாயம் எழுதுகிறேன். வேலையில் இறந்தவர்கள் 81 பேர். கால்வாயை வடிவமைத்த தொழில்நுட்பர் வூ ட்சூதாய் அவர்களில் ஒருவர். வேலை தொடங்கிய இரண்டாம் மாதமே, சுரங்கத்தில் விழுந்த விரிசலைப் பார்க்கப் போன இடத்தில் பாறை சரிந்து இறந்தார். அவருக்கு வயது 27. முன்பு நான் நடத்திய வீரக்கதையில் இந்த 81 பேர் இல்லை. அவர்களை விட்டுவிட்டுச் சொல்வதும் ஒருவகையில் மிகைப்படுத்திய கணக்குதான்.

"கீழே இருக்கிற ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்?"

முதல் கேள்விக்கு வருவோம். கால்வாயின் தொடக்கப் பகுதி, ஏறத்தாழ 20 கிலோமீட்டர், ஷான்ஸி மாகாணத்துக்குள் செல்கிறது. அம்மாகாணத்தின் ஒப்புதல் பெற்றுத்தான் வேலை தொடங்கியது. பிங்ஷுன் வட்டார மக்கள் கால்வாய்க்கு நிலம் விட்டுக்கொடுத்தார்கள்; வேலைக்கு வந்தவர்களுக்கு வீடுகளில் இடமும் தந்தார்கள். இந்தப் பகுதி வெற்றிக் கதைகளில் ஒரு வரியாகவே வரும். அதற்கு நான் கொஞ்சம் நேரம் ஒதுக்குகிறேன்.

ஆனால் ஜாங் ஆறு மூன்று மாகாணங்களுக்குப் பொது. ஆற்றில் நீர் குறையக் குறைய, கரையோர ஊர்களுக்கிடையே தகராறு முற்றியது. ஒருவர் வாய்க்காலை ஒருவர் உடைப்பதும், வெடிவைப்பதும்கூட நடந்தன. 1992 ஆகஸ்டில் செங்கொடிக் கால்வாயே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பாறையை வெடிவைத்து வெட்டிய கால்வாய், முப்பது ஆண்டுகளில் வெடிக்கு இலக்கானது. அதன்பின் மாகாணங்களுக்குப் பொதுவான, மைய அரசின் நீர் நிர்வாக அமைப்பு அந்த ஆற்றுப் பகுதியை நேரடியாகக் கவனிக்கத் தொடங்கியது. மேலே திருப்பினால் கீழே என்ன ஆகும் என்று அந்த மாணவி கேட்டதற்கு, விடை வரலாற்றிலேயே இருந்தது. நான்தான் படிக்காமல் போயிருந்தேன்.

கால்வாய்க்குப் பின்

கால்வாய் அந்த ஊருக்குத் தண்ணீரோடு வேறொன்றையும் கொடுத்தது. கல் வெட்டவும், வளைவு கட்டவும், சுண்ணாம்பும் சிமென்ட்டும் தயாரிக்கவும் ஆயிரக்கணக்கானோர் அங்கேயே கற்றுக்கொண்டார்கள். பிற்காலத்தில் அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கட்டடத் தொழிலாளர்களாகச் சீனாவின் பெருநகரங்களுக்குப் போனார்கள். இன்றும் லின்ஜோ கட்டடத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. ஒரு தொழில் ஓர் ஊரில் ஏன் வேரூன்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

மருத்துவ உலகிலும் லின் சியான் அறியப்பட்ட பெயர். உணவுக்குழாய்ப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்பட்ட இடங்களில் அது ஒன்று. காய்கறியும் பழமும் குறைந்த உணவு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதி, 1986 முதல் 1991 வரை ஏறத்தாழ 30,000 பேருக்கு வெவ்வேறு சத்து மாத்திரைகள் கொடுத்து ஆய்வு செய்தார்கள். பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றும் சேர்த்துப் பெற்றவர்களிடையே மொத்த இறப்பு 9 விழுக்காடு குறைவாக இருந்தது. அந்நோய்க்கு ஒரே காரணம் இதுதான் என்று அந்த ஆய்வும் சொல்லவில்லை; நாமும் வகுப்பில் சொல்லக் கூடாது. ஒரு நிலத்தின் தன்மை அங்கு வாழ்பவர்களின் தட்டு வரைக்கும் வருகிறது என்பதை அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து பேசலாம்.

வகுப்பில் செய்யக்கூடியவை

1. மணலும் களிமண்ணும் கொண்டு மலை, பள்ளத்தாக்கு, ஆறு அமைத்து, ஆற்றின் மேற்பகுதியிலிருந்து ஒரு வாய்க்காலை மேட்டு ஊருக்குக் கொண்டுவரச் செய்தல். சம உயரக் கோடு என்றால் என்ன என்பதை அந்த வாய்க்காலே காட்டிவிடும்.

2. வகுப்பை நான்காகப் பிரித்து, ஆற்றின் மேற்பகுதி ஊர், கால்வாய் ஊர், ஆற்றின் கீழ்ப்பகுதி ஊர், நிர்வாக அமைப்பு என்று பேசவைத்தல். ஓர் ஆண்டு மழை பொய்த்ததாக வைத்துக்கொண்டு நீரைப் பங்கிடச் சொல்லலாம். அடுத்த நாள் குழுக்களை இடம் மாற்றுவது முக்கியம்.

3. கால்வாயின் ஒரு படத்தைக் காட்டி, "இந்தப் படத்தில் யார் இல்லை?" என்று எழுதச் சொல்லுதல். தொடக்கநிலை வகுப்புகளுக்கும் இது பொருந்தும். "இவர்கள் காலையில் என்ன சாப்பிட்டிருப்பார்கள்?" என்று கேட்டாலே போதும்.

4. 1436, 1592, 1920, 1960, 1965, 1992 என்ற ஆண்டுகளைக் காலக்கோட்டில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் நேராக நிலம், மழை, அரசு, உழைப்பு ஆகியவற்றில் எது முன்னிற்கிறது என்று எழுதச் செய்தல். இதில் 1592 என்பது சியே ஸிசோங் காலத்தைக் குறிக்கும் ஏறத்தாழ ஓர் அடையாளம் மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொலைதூரத்து ஊர் ஒன்றுக்கு ஆறு பாடவேளைகள் அதிகம் என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் பருவக்காற்று, பாறை வகை, சரிவு, வரலாற்றுச் சான்று, பஞ்சம், நீர்ப்பங்கீடு, இடப்பெயர்வு என்று தனித்தனியாக நடத்தும் பாடங்கள் இங்கே ஒரே இடத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. பின்னர் அந்தப் பாடங்கள் வரும்போது, "லின் சியான்ல நடந்த மாதிரியா சார்?" என்று மாணவர்களே கேட்கிறார்கள். மிச்சமாகும் நேரம் அங்கே கிடைத்துவிடுகிறது.

இந்தப் பாடத்தை இப்போது படத்தோடு தொடங்குவதில்லை. அந்த இரண்டு கேள்விகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் தொடங்குகிறேன். கேட்டவர்கள் உங்கள் அக்காமார்கள் என்றும், அன்று எனக்கு விடை தெரியவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு ஒரு மாணவன் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தான்: "அந்த 81 பேர் வீட்டுக்குத் தண்ணி வந்துச்சா சார்?" அதையும் எழுதி வைத்திருக்கிறேன். தேடிக்கொண்டிருக்கிறேன்.